திறக்காத டப்பா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நாய், பூனைகளுக்கான ஆஸ்பத்திரி அது. முன்பக்கம் டாக்டரின் அறை, நடுவில் பெஞ்சு போட்ட கூடம், பின்னால் கக்கூஸை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்கு ஆய்வுக்கூடம் என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்து பதினாறு வருஷமாக நாய்களின் மலத்தைப் பரிசோதித்து வருகிறவள் நான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். வேலை எப்படிப் போனது என்று சாப்பிடும் நேரத்தில் மட்டும் என்னை யாரும் கேட்பதில்லை.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கொண்டுவந்த மலத்தில் கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, சின்னக் குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துக் கால் மணி நேரம் விட வேண்டும். வயிற்றில் புழு இருந்தால் அதன் முட்டைகள் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்ன புழு என்று சொல்லிவிடலாம். நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். வரவேற்பில் உட்காரும் பெண் எனக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தாள். எனக்கு முன்னால் சொல்ல மாட்டாள். ஆனால் எனக்குத் தெரியும், தெரிந்து உள்ளூரப் பெருமையும் உண்டு.

சாவிக்காரர் எங்களிடம் வந்தது மழை விட்ட சமயம். தெருமுனையில் விளக்குக் கம்பத்தடியில் ஒரு தகரப் பெட்டிக்கடை வைத்து சாவி வெட்டிக் கொடுப்பவர், பூட்டு ரிப்பேர் செய்பவர். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். கூட ஒரு செம்பழுப்பு நாய். அதற்குப் பெயர் மேனேஜர்.

"நான் வேலை செய்யறப்ப பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும் மேடம். அதுவா ஒரு வேலையும் செய்யாது. அதான் மேனேஜர்" என்றார்.

மேனேஜருக்கு வாந்தி. காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை, விளையாட்டிலும் குறைச்சல் இல்லை. ஆனால் தின்றதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்படியே கக்கியது. வழக்கமான பூச்சி மாத்திரை இரண்டு மாதம் முன்புதான் போட்டிருந்தார்கள். டாக்டர் மலத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். முட்டை இல்லை. அடுத்த வாரம் வேறு மலம் கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை. இந்த இரண்டு முறையும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இனி சொல்லப்போவதில் அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர், "சாப்பாடு ஒத்துக்கலையோ என்னவோ, கொஞ்ச நாள் வேகவெச்ச சாதம் மட்டும் குடுத்துப் பாக்கலாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தாதவள் நான். ரிசல்ட் சீட்டை நீட்டும்போது சாவிக்காரரிடம் சொன்னேன்:

"புழு இல்லைன்னா என்ன அர்த்தம்? உங்க வீட்டுல யாரோ உங்களுக்குத் தெரியாம கண்டதையும் போடறாங்கன்னு அர்த்தம். எண்ணெய்ப் பண்டம், எலும்புன்னு ஏதாவது."

"வீட்டுல நாங்க ரெண்டு பேருதான் மேடம். நானும் என் சம்சாரமும்."

"அப்ப யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

அவர் சிரிக்கவில்லை. சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அந்த மாதிரி பத்துப் பேரிடம் பேசுவேன்.

மூன்றாம் முறை அவர் வந்தது ஒரு சனிக்கிழமை. மத்தியானம் ஆஸ்பத்திரி அடைக்க அரை மணி இருக்கிறது, கூடத்தில் ஏழெட்டு நாய்கள் ஒன்றை ஒன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. அவர் என் அறை வாசலுக்கு வந்து, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் சமையல்கட்டு அலமாரிக்குப் பூட்டு போட்டுட்டேன் மேடம். நானே செஞ்ச பூட்டு. சாவி என்கிட்டதான் இருக்கு. எது வேணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் எடுக்கணும். அப்பவும் வாந்தி நிக்கல."

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொந்த வீட்டு அலமாரியில் உப்பு, சர்க்கரை எடுக்க ஒரு பெண் கடைவரை நடந்துபோய்ப் புருஷனிடம் சாவி வாங்குகிறாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மலத்தோடு சேர்த்து இன்னொரு டப்பாவையும் மேசையில் வைத்தார். மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

"இது என் சம்சாரம் குடுத்து விட்டா. காலையில நாய் வாந்தி எடுத்துச்சாம். அதுல வெள்ளையா ஏதோ நெளிஞ்சுதுங்கறா. நான் பாக்கல. நீங்க பாத்துச் சொல்லணுமாம்."

"வாந்தியெல்லாம் நாங்க டெஸ்ட் பண்றதில்ல" என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் கூடத்தில் யாரோ கத்த, "சரி, வெச்சிட்டுப் போங்க, பாக்கறேன்" என்றேன்.

பார்க்கவில்லை. நாற்றம், அவசரம், பசி என்று காரணம் அடுக்கலாம். நிஜமான காரணம் வேறு. திருட்டுத்தனமாகத் தீனி போட்டு மாட்டிக்கொண்டவள் தப்பிக்கக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். முகம் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி அப்படி முடிவு கட்டிவிட்டேன். டப்பாவை ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல் மஞ்சள் குப்பைத்தொட்டியில் போட்டேன். மலத்தை மட்டும் பார்த்தேன். சீட்டில் 'மலம், வாந்தி: எதுவும் இல்லை' என்று எழுதினேன். 'வாந்தி' என்ற அந்த ஒரு வார்த்தையை எழுத என் கை கூசவில்லை.

அடுத்த வாரம் அவர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஒத்துக்கிட்டா மேடம். உங்க சீட்டைக் காட்டினேன். டப்பாவுல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காங்களே, என்ன சொல்றேன்னு கேட்டேன். ரெண்டு நாள் அழுதா. அப்புறம், ஆமா நான்தான் போட்டேன், இப்ப என்னங்கறீங்கன்னுட்டா."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன். அன்று முழுக்க எனக்கு உற்சாகம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். சாவிக்காரரிடம் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். வயிறு காய்ந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் மாதிரி சொன்னேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மேனேஜர் வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. பதினெட்டுக் கிலோ இருந்த நாய் பதின்மூன்றரை காட்டியது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மேசைமேல் ஏற்றி நிறுத்தியதும் வயிற்றை இரண்டு தடவை உள்ளே இழுத்தது. டாக்டர் விலகுவதற்குள் மேசைமேலேயே கக்கியது. சோறு இல்லை. மஞ்சள் நீரும் கறுப்பு ஓட்டுத் துணுக்குகளும். நடுவில் வெள்ளையாக, சின்னவிரல் நீளத்தில் ஒன்று சுருண்டு நெளிந்தது.

"அக்கா, ஓடி வாங்க!" என்று டாக்டர் கூப்பிட்டார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "இரைப்பைப் புழு! புத்தகத்துல படிச்சதோட சரி, இப்பதான் கண்ணால பாக்கறேன்."

இடுக்கியால் அதை எடுத்து ஒரு தட்டில் போட்டு, சாவிக்காரருக்குப் பொறுமையாக விளக்கினார். இது குடலில் இருப்பதில்லை, இரைப்பையின் சுவரைக் கவ்விக்கொண்டு இருக்கும். ஒன்றிரண்டு இருந்தாலே போதும், நாய் வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கும். நாயின் வயிற்றுக்குள் இது போவது வண்டு, கரப்பான், சில்வண்டு மூலமாக. அவற்றின் உடம்பில் புழுவின் குஞ்சு இருக்கும். நாய் அவற்றைத் தின்றால் உள்ளே போய் வளரும். வழக்கமான மாத்திரை ஒரு வேளை போட்டால் இது அசையாது.

"வண்டு தின்னுமா உங்க நாய்?"

"தின்னும் டாக்டர். கடைக்கு மேலயே தெருவிளக்கு. ராத்திரி விழற வண்டெல்லாம் காலையில நான் கடை திறக்கறப்ப கீழ கிடக்கும். முன்னெல்லாம் ஒண்ணு ரெண்டு வாயில போட்டுக்கும். இப்பப் பசியில தேடித் தேடித் திங்குது."

சோற்றைக் குறைக்கச் சொன்னவள் நான். பசித்த நாய் வண்டைத் தின்றது, வண்டோடு இன்னும் புழு உள்ளே போனது. நான் சொன்ன வைத்தியமே நோய்க்குத் தீனி போட்டிருக்கிறது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "நீங்க ஏன்க்கா இடிஞ்சு போறீங்க? இதோட முட்டை கனம். நம்ம உப்புக் கரைசல்ல சரியா மிதக்காது, அடியில தங்கிடும். யாரு பாத்திருந்தாலும் தப்பியிருக்கும். உங்க மேல தப்பே இல்ல."

சாவிக்காரர் தட்டிலிருந்த புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு டப்பாவுல குடுத்தேனே மேடம். அதுல இது மாதிரி..."

"எந்த டப்பா?" என்றார் டாக்டர்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டர் திட்டியிருப்பார், சாவிக்காரர் கோபப்பட்டிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். நான் சொன்னதையெல்லாம் நம்பிய இரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. என் வாய், நீளமான அந்த வாய், சொன்னது இதுதான்:

"வாந்தி கொஞ்சம் குடுத்தாங்க டாக்டர். பாத்தேன். அதுல ஒண்ணும் இல்ல."

"எல்லா வாந்தியிலயும் வராது" என்றார் டாக்டர். அதோடு பேச்சு நின்றது.

மருந்து ஆரம்பித்தது. எடைக்குத் தக்கபடி அளந்து ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து மறுபடி, தேவைப்பட்டால் இன்னொரு தடவை. இரைப்பைப் புண் ஆற ஒரு மாத்திரை. கடை திறந்ததும் முதல் வேலையாகக் கம்பத்தடியைப் பெருக்க வேண்டும். நாயைக் கட்டிப்போட வேண்டும். வயிறாரச் சோறு போட வேண்டும். மூன்றே வாரத்தில் மேனேஜர் பதினாறு கிலோவுக்கு வந்துவிட்டது. வாந்தி நின்றது. என்னைக் கண்டால் வாலை ஆட்டியது. நன்றியுள்ள பிராணி என்கிறார்கள். யாருக்கு நன்றி காட்டுவது என்று அதற்குத் தெரிந்தால்தானே.

எனக்கு வேலை ஓடவில்லை. ஒவ்வொரு ஸ்லைடையும் மூன்று தடவை பார்த்தேன். குழாயின் அடியில் தங்கியதையும் தனியாக எடுத்துப் பார்த்தேன். யார் எதை டப்பாவில் கொடுத்தாலும் அவர்கள் கண்ணெதிரிலேயே திறந்தேன். 'பூதக்கண்ணாடிக்கு என்ன ஆச்சு' என்று வரவேற்பில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. முன்பு இனித்த பெயர் இப்போது குத்தியது.

இரண்டாம் தடவை மருந்துக்கு வந்த அன்று சாவிக்காரரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "உங்க வீட்டு அக்கா நல்லா இருக்காங்களா?"

"இருக்கா" என்றார். "பேசறதில்ல. பூட்டைக் கழட்டிட்டேன், சாவியையும் அவ கையிலயே குடுத்துட்டேன். வாங்கிக்கல. புழுதான் காரணம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, பின்ன நீ ஏன் நான்தான் போட்டேன்னு ஒத்துக்கிட்டேன்னு கேட்டேன். அதுக்கும் பதில் இல்ல." கொஞ்சம் தயங்கினார். "எனக்கு ஒண்ணுதான் மேடம் மனசுல உறுத்துது. டப்பாவுல நெளிஞ்சுதுன்னு சாதிச்சாளே. நீங்க பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னீங்க. அப்ப அது பொய்தானே? முப்பது வருஷத்துல அவ என்கிட்ட பொய் சொன்னதில்ல. இதுல ஏன் சொன்னா? அதை மட்டும் அவ ஒத்துக்கவே மாட்டேங்கறா."

அந்தப் பெண் செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் கண்ணால் கண்டதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்காதவரை அந்த வீட்டில் அவள் பொய்க்காரிதான்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"செஞ்சது தப்புதான் அக்கா. பாக்காம எழுதினது பெரிய தப்பு. ஆனா நாய் பிழைச்சிடுச்சு. இப்பப் போய்க் கிளறினா நம்ம பேருதான் கெடும். இனிமே கவனமா இருங்க, போதும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கேட்டதும் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் மறுநாள் முழுக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சாவிக்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் மேனேஜர் கட்டிப்போட்டபடி படுத்திருந்தது. பின்பக்கம் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவர் வீட்டிலும் ஏதோ வேலையாக இருந்தார். கதவைத் திறந்தது அவர் சம்சாரம். ஒல்லியான பெண்மணி, நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் வழியை விட்டு நகர்ந்தார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அக்கா, நீங்க குடுத்தனுப்பின டப்பாவை நான் திறக்கவே இல்ல. அப்படியே குப்பையில போட்டுட்டேன். பாத்த மாதிரி சீட்டுல எழுதினேன். புழு கிடைச்ச அன்னிக்கும் பாத்தேன்னு பொய் சொன்னேன். நீங்க கண்டது நிஜம்."

அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உயிரோட இருந்துச்சு" என்றார். "காஞ்சு போயிடக் கூடாதேன்னு ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டேன். ஆட்டாமக் கொண்டுபோங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு வருஷத்தில் மாதிரியை அவ்வளவு பத்திரமாக எங்களுக்கு யாரும் அனுப்பியதில்லை.

"பின்ன ஏன்க்கா, நான்தான் போட்டேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டாப் பூட்டைக் கழட்டுவாருன்னு நினைச்சேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போய், நாலு பேரு நிக்கறப்ப சாவி கேக்கறது... கழட்டல. இன்னும் ஒரு பூட்டு போட்டாரு."

பிறகு அவர் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "என்னங்க, இங்க வாங்க." அரம் நின்றது. சாவிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வார்த்தையையும் குறைக்காமல் சொன்னேன். திறக்கவில்லை, எறிந்தேன், பொய் எழுதினேன், பொய் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் முடித்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பதறினார்.

"அட, விடுங்க மேடம்! அழாதீங்க. அத்தனை கூட்டத்துல வேலை பாக்கறீங்க, யாருக்கும் வர்றதுதான். வீடு தேடி வந்து சொன்னீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்? உக்காருங்க, உக்காருங்க." சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு ஒரு டீ போடு."

அந்த அம்மா நகரவில்லை.

"ஒரு நிமிஷம்கூட ஆகல" என்றார்.

"என்னது?"

"இவங்களை மன்னிக்க. ஒரு நிமிஷம்கூட ஆகல உங்களுக்கு. இவங்க பொய் சொன்னேன்னு சொன்னாங்க, விடுங்கன்னுட்டீங்க. நான் பொய் சொல்லலைன்னு ஒரு மாசத்துக்கு மேலா சொன்னேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சாவிக்காரர், பழக்கதோஷத்தில், என் பக்கம் திரும்பினார். நாய்க்கு என்ன என்று என்னைத்தான் கேட்டார், வீட்டில் யார் குற்றவாளி என்றும் நான் சொல்லித்தான் முடிவு செய்தார். இதற்கும் நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னைப் பாக்காதீங்கண்ணா" என்றேன். "அவங்களைப் பாருங்க."

அவர் திரும்புவதற்கு வெகுநேரம் ஆயிற்று.